சல்லடம் தைத்த கை

போன சித்திரையில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த ஃபிளெக்ஸ் கண்ணில் பட்டது. இருபதடி உயரம் இருக்கும். கன்னங்கரேலென்று மேகம், நடுவில் சுடலைமாடசாமி. வயிற்றில் ஆறு கட்டு, கையில் முறுக்கேறிய நரம்பு, கண்ணில் சிவப்பு வெளிச்சம், முதுகுக்குப் பின்னால் காற்றில் பறக்கும் சிவப்புத் துணி. வெட்டரிவாளின் நுனியில் மின்னல் வந்து இறங்குகிறது. கீழே ஊர்ப் பையன்கள் பன்னிரண்டு பேரின் புகைப்படம். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் 'எங்க ஊரு சூப்பர் ஹீரோ'. அக்கா மகன் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான். "மாமா, அந்த வரி ஒங்க வரிதான். நீங்க காலேஜ்ல பேசுனியள்லா, அந்த வீடியோவப் பாத்துட்டுத்தான் போட்டோம்" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நல்லாருக்குடே என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த நேரத்தில் தொடங்கிய உறுத்தல் இன்னும் போகவில்லை.

சொன்னது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் காமிக்ஸைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் சினிமாவில் வரும் அமெரிக்க வீரர்களைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களிடம் நம்ம ஊர் சாமிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற ஆசையில், "சுடலைமாடனுக்கு மிஞ்சிய சூப்பர் ஹீரோ யாருய்யா?" என்று கேட்டேன். கைதட்டல் அடங்க நேரமானது. அந்தக் கைதட்டலிலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் பட்டது. ஆனால் எது சரியில்லை என்று பிடிபடவில்லை. மனசுக்குள் இருந்த வரைக்கும் தள்ளிப்போட முடிந்தது. இருபதடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட பிறகு முடியவில்லை.

கோயிலுக்குப் போனால் அங்கே முகம் கிடையாது. எங்கள் ஊர் மாடனுக்குச் சிலை இல்லை, பூடம்தான். ஆள் உயரத்துக்குச் சுதையால் கட்டி, மேலே போகப்போகக் குறுகி, வெள்ளையடித்து நிற்கும். கொடையன்று மஞ்சணை சாத்தி, கோரைப்பல்லும் மீசையும் கண்ணுமாக வெள்ளியில் ஒட்டவைப்பார்கள்; கொடை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். வருடத்தில் மற்ற நாளெல்லாம் வெறும் வெள்ளைப் பூடம், அதன் மேல் காய்ந்த மாலை. சின்ன வயசில் அதைக் கடந்து போக நான் பயந்த பயம் அந்த வெறுமைக்காகத்தான். முகம் இருந்தால் எங்கே பார்க்கிறார் என்று தெரிந்துவிடும். அது தெரியாததால் எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். அந்தப் பையன்கள் மாடனுக்கு முகம் கொடுத்ததில் தப்பில்லை, அவர்கள் கையில் இருப்பதை வைத்து அவர்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த வரி என்னுடையது.

தையல் கடை பெஞ்சு

காமிக்ஸும் மாடனும் எனக்கு ஒரே இடத்தில்தான் அறிமுகம். என் சித்தப்பா தையல்காரர். பாளையங்கோட்டை ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குள் திரும்புகிற முக்கில் ஒற்றை மிஷின் போட்ட கடை. அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு உண்டு. அதில் தினத்தந்தியோடு காமிக்ஸ் புத்தகங்களும் கிடக்கும். பெரியவர்கள் பேப்பர் வாசிப்பார்கள். கூட வந்த பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுக்காமல் இருப்பதற்குக் காமிக்ஸ். சிவகாசி எங்களுக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. கோவில்பட்டி, சாத்தூர் தாண்டினால் வந்துவிடும். பட்டாசும் காலண்டரும் வந்த அதே வழியில்தான் மாயாவியும் வந்தார். 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியிருந்தது. 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே வருடத்தில் வந்தன. எனக்கு அப்போது எட்டு வயது. எழுத்துக்கூட்டி வாசிப்பது போய் சரளமாக வாசிக்கத் தொடங்கிய நேரம். மிஷின் எண்ணெய் வாசமும் நியூஸ்பிரிண்ட் வாசமும் எனக்கு இன்றைக்கும் ஒன்றுதான்.

அந்தப் பெஞ்சில் பெரிய சண்டை பெயரைப் பற்றித்தான் நடக்கும். இரும்புக்கை மாயாவி ஒருவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். ராணி காமிக்ஸில் இன்னொரு மாயாவி, முகமூடி வீரர், குதிரையும் ஓநாயும் வைத்திருப்பார். அதே முகமூடிக்காரர் முத்து காமிக்ஸில் வேதாளன். லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ஒரே ஆளுக்குத் தமிழில் இத்தனை பெயர். வேதாளன் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவரை நான் மதிக்கிறேன். 'நடமாடும் பேய்' என்று காட்டுச் சனங்கள் கூப்பிடுகிற ஒருவனை, முருங்கை மரத்துக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறெப்படிச் சொல்வது? அவனுடைய ரகசியம் இவ்வளவுதான்: அவனும் சாவான். அப்பன் செத்தால் மகன் அதே உடுப்பை மாட்டிக்கொள்வான், இப்படி இருபத்தோரு தலைமுறை. வெளியே இருப்பவர்களுக்கு அவன் சாகாதவன். எங்கள் ஊரில் மாடனுக்குச் சாமியாடுகிற கோமரத்தாடியும் அப்படித்தான். அவர் அப்பா ஆடினார், அதற்கு முன் தாத்தா ஆடினார். இவர் டவுனில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவர், கண்ணாடி போட்டவர், உரக்கப் பேச மாட்டார். பத்து வயதில் எனக்கு இந்த ஒற்றுமை பிடிபட்டதும் பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி அலைந்தேன்.

ஆனால் என் ஆள் வேதாளன் இல்லை, ஸ்பைடர். ஸ்பைடர்மேன் வேறு, இவன் வேறு. லயன் காமிக்ஸ் வாசித்த என் வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதையே சொல்வார்கள். கூரான காது, கறுப்பு உடுப்பு, வலைத் துப்பாக்கி, ஹெலிகார். நல்லவனாகத் தொடங்கியவன் இல்லை. உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பியவன், பிறகு அந்தக் குற்றவாளிகளையே வேட்டையாடத் திரும்பியவன். திரும்பிய பிறகும் அந்தத் திமிர் போகாது. யாரிடமும் நன்றி கேட்க மாட்டான், யாரையும் மதிக்கவும் மாட்டான். நல்லவனாகவே பிறந்து நல்லவனாகவே இருக்கிறவர்கள் எங்களுக்கு அந்நியம். மாடனைக் கும்பிடுகிற ஊரில் ஸ்பைடர் கொடிகட்டிப் பறந்ததில் எனக்கு ஆச்சரியமே கிடையாது.

அவரு உடுப்பு

சித்தப்பா சட்டையும் பாவாடையும் தைத்தாலும், சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பெயர் சல்லடத்தால்தான். சாமியாடிகள் இடுப்பில் உடுத்துகிற, முழங்கால் வரை வரும் அந்த உடுப்பைத் தைக்கப் பொறுமை வேண்டும். பட்டுப்போல் மின்னும் சிவப்புத் துணி, ஓரத்தில் ஜரிகை, அதற்குக் கீழே வரிசையாக மணிகள். மணி ஒவ்வொன்றையும் கையால் இரட்டை நூலில் முடிச்சுப் போட்டுத் தைக்க வேண்டும். ஆடுகிற ஆட்டத்தில் ஒன்று தெறித்து விழுந்தாலும் பேச்சு வரும். சல்லடம், அதன் மேல் கச்சை, தலையில் குல்லாய், கையில் வல்லயம் என்கிற ஈட்டி. சூப்பர்மேன் ஏன் உள்ளே போட வேண்டியதை வெளியே போடுகிறார் என்று உலகமே கேட்டுச் சிரித்தது. அதை வரைந்த ஜோ ஷஸ்டர் சர்க்கஸ் பயில்வான்களின் உடுப்பைப் பார்த்துத்தான் அப்படி வரைந்தார். 2011-ல் அந்தச் சிவப்பு ஜட்டியை எடுத்துவிட்டார்கள். வாசகர்களுக்கு ஒப்பவில்லை. 2018-ல் ஆக்‌ஷன் காமிக்ஸ் ஆயிரமாவது இதழில் திரும்பக் கொடுத்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. பலத்தைக் கண்ணுக்குக் காட்ட இடுப்பில் ஒரு தனி உடுப்பு வேண்டும் என்பது சர்க்கஸ்காரனுக்கும் தெரிந்திருக்கிறது, எங்கள் ஊர்க்காரனுக்கும் தெரிந்திருக்கிறது.

1986 சித்திரை. கொடைக்கு நாலு நாள் இருந்தது. கோமரத்தாடிக்குப் புதுச் சல்லடம் தைத்து முடித்து ஆணியில் மாட்டியிருந்தது. சித்தப்பா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். கடையைப் பார்த்துக்கொள்ள நான். காலண்டர் அட்டையில் கரி பூசி, கூரான காது வைத்து ஒரு முகமூடி ஏற்கெனவே செய்து வைத்திருந்தேன். சல்லடத்தை எடுத்து மாட்டி, நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, துணி வெட்டுகிற மேஜை மேல் ஏறிக் குதித்தேன். மணி எல்லாம் சேர்ந்து ஒரே சத்தம். மறுபடியும் ஏறிக் குதித்தேன். அந்தச் சத்தம் என்னை என்னமோ செய்தது. அப்படியே கடைக்கு வெளியே குதித்து ரோட்டுக்கு வந்துவிட்டேன். எதிரே விறகுக்கட்டோடு ஒரு கிழவி வந்துகொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாதவள். மணிச் சத்தத்தைக் கேட்டாளா, சிவப்பைப் பார்த்தாளா, தலையில் இருந்த கட்டைச் சட்டென்று இறக்கிப் போட்டுவிட்டு, வெயிலில் கொதிக்கிற ரோட்டில் முட்டி போட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். "எய்யா, என் பிள்ளையைக் காட்டிக் கொடுய்யா" என்று அழுதாள். எந்தப் பிள்ளை, என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. பத்து வயதுப் பையன், முகத்தில் ஸ்பைடர், இடுப்பில் மாடன். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நான் சாமி இல்லை ஆச்சி என்று சொல்லியிருக்க வேண்டும். நின்றுகொண்டே இருந்தேன்.

சாப்பிட்டு வந்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார். முதலில் கிழவியைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "சின்னப்பய விளையாட்டு ஆச்சி, ஒண்ணும் நினைக்காதிய" என்று நாலைந்து தடவை சொன்னார். அவள் போன பிறகு மர ஸ்கேலை எடுத்தார். அவர் கையால் நான் வாங்கிய அடி அந்த ஒரு தடவைதான். "கழத்துலே அதை. அது என்ன துணின்னு நெனச்சியா? அவரு உடுப்புலே. அவருக்கு முந்தி ஒருத்தன் உடுத்தலாமா?" அன்றைக்கு ராத்திரி கடை விளக்கு அணையவில்லை. மணிகளை எல்லாம் பிரித்தெடுத்து மஞ்சள் தண்ணீரில் போட்டார். சல்லடத்தை ஆற்றில் விட்டார். தன் காசில் புதுத் துணி எடுத்துவந்து, முதலிலிருந்து வெட்டித் தைத்தார். கொடை முடிந்த மறுவாரம் குடைத் துணியில் எனக்கு அளவெடுத்து, ஸ்பைடர் உடுப்பு ஒன்று தைத்துக் கொடுத்தார். காது கூட வைத்திருந்தார், உள்ளே அட்டை கொடுத்து விறைப்பாக. "உனக்கு வேணும்னா கேளு, தைக்கேன். அடுத்தவன் உடுப்ப எடுக்காத" என்றார். அந்த உடுப்பை நான் போட்டேன். போட்டுக்கொண்டு குதித்தேன். யாரும் என்னைக் கும்பிடவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

வரம் வாங்கி வந்தவரும் வெட்டுப்பட்டவரும்

நான் மேடையில் சொன்ன வரியின் கோளாறு அந்தக் கிழவியிடம்தான் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. வில்லுப்பாட்டில் சாமிகள் இரண்டு வகையாக வருவார்கள். கயிலாசத்தில் பிறந்து வரம் வாங்கிப் பூமிக்கு வந்தவர்கள் ஒரு வகை. இந்த மண்ணிலேயே பிறந்து, வெட்டுப்பட்டோ குத்துப்பட்டோ பழி சுமந்தோ செத்து, பிறகு சாமி ஆனவர்கள் இன்னொரு வகை. சுடலை முதல் வகை. பார்வதி பிள்ளை வேண்டும் என்று கேட்க, விளக்குச் சுடரிலிருந்து பிறந்தவர். ராத்திரியில் தொட்டிலை விட்டு இறங்கிப் போய்ச் சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்வார். மாமிச வாடை காட்டிக் கொடுத்துவிடும். கயிலாசத்தில் இனி இடமில்லை என்று வரங்களோடு பூமிக்கு அனுப்பி வைக்கிறார்கள். வேற்று உலகத்தில் பிறந்த குழந்தை பூமிக்கு அனுப்பப்படுகிறது என்ற அளவில் இதைச் சூப்பர்மேன் கதையோடு சேர்த்துப் பேசலாம். நானும் கல்லூரியில் அதைத்தான் பேசினேன். ஆனால் சூப்பர்மேனை அனுப்பியது அவன் உலகம் அழியப் போகிறது என்பதால். மாடனை அனுப்பியது அவர் பசியால். அந்தப் பசி பூமிக்கு வந்தும் தீரவில்லை. அதற்குத்தான் கொடை.

பசியோடு கோபமும் உண்டு. மலையாள நாட்டில் பகவதியின் புதையலுக்கு மாடன் காவல் நிற்கும்போது, அதைக் களவெடுக்கிற மந்திரவாதியை அவர் என்னவெல்லாம் செய்கிறார் என்பதை வில்லில் கேட்டால் ஈரக்குலை நடுங்கும். மந்திரவாதியோடு நிற்காமல் அவன் பெற்ற மகளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் பலியாகக் கேட்கிற கதை அது. நல்லவன் ஜெயித்தான் என்று சொல்லி எழுந்து போக முடியாது. அமெரிக்கக் காமிக்ஸில் மந்திரம் தெரிந்தவன் பெரும்பாலும் நாயகன். 1934-ல் வந்த மாண்ட்ரேக், 1963-ல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் எல்லாம் அப்படி. மந்திரம் அங்கே கற்றுத் தேறுகிற வித்தை. எங்கள் பக்கத்துக் கதைகளில் மந்திரம் தெரிந்தவன்மேல் யாருக்கும் நம்பிக்கை கிடையாது. மையும் தகடும் வைத்துச் சாமியைக் கட்டிப்போட்டு வேலை வாங்கப் பார்க்கிறவன் அவன். கடைசியில் சாமி அவிழ்த்துக்கொண்டு வரும்.

இரண்டாவது வகைச் சாமிகள்தான் எங்கள் பக்கம் அதிகம். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் இருக்கிறார். பூர்வத்தில் அவர் முத்துப்பட்டன், பிராமணப் பையன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கட்டிக்கொள்ள, அவர்கள் அப்பா வாலப்பகடை சொன்னபடி பூணூலை அறுத்தெறிந்து செருப்புத் தைத்தவன். கல்யாண ராத்திரியில் மாடு களவெடுக்க வந்தவர்களோடு மோதிக் குத்துப்பட்டுச் செத்தான். இரண்டு பெண்களும் தீயில் இறங்கினார்கள். இன்றைக்கும் அவருக்கு நேர்ச்சை தோல் செருப்புதான். ஆடி அமாவாசைக்குப் போனால் ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்குவதைப் பார்க்கலாம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும், அவர் போட்டு நடக்கிறார் என்பார்கள். வில்லடியில் பட்டன் குத்துப்படுகிற கட்டம் வரும்போதுதான் சாமியாடிக்கு ஆராசனை, அதாவது அருள், வரும். பாடுகிறவர் அதுவரை கதையாகச் சொல்லிக்கொண்டு வந்ததை அந்த இடத்தில் வேகம் கூட்டுவார். குடத்தில் விழுகிற அடி மாறும், உடுக்கு மாறும். ஒரு மனுசன் சாகிற இடத்தில் சாமி இறங்குகிறது. அதற்கு முந்தி இறங்காது.

காமிக்ஸில் இது தலைகீழ். நாயகனுக்கு வேண்டியவர்கள் சாவார்கள், நாயகன் பிழைத்து உடுப்பை மாட்டிக்கொள்வான். 1939-ல் வந்த பேட்மேனுக்கு அப்பா அம்மா, 1962-ல் வந்த ஸ்பைடர்மேனுக்குப் பெரியப்பா. யாராவது ஒருவர் சாகாமல் தடுக்கத்தான் அவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். எங்கள் சாமிகள் தடுக்க வந்தவர்கள் இல்லை. தடுக்காமல் விட்டதற்கு ஊர் கட்டிக்கொண்டிருக்கிற வட்டி அவர்கள். கொன்றவன் வம்சமே கும்பிடுகிற சாமி எத்தனை இருக்கிறது எங்கள் தாலுகாவில். அந்தக் கிழவி கேட்டதும் அதைத்தான். "என் பிள்ளையைக் காப்பாத்து" என்று கேட்கவில்லை, "காட்டிக் கொடு" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும், காப்பாற்றுகிற நேரம் போய்விட்டது. இந்த இடத்துக்கு வந்ததும், சரி, ஒப்பிட்டது மொத்தமும் தப்பு, அடுத்த தடவை மேடை கிடைத்தால் சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு பண்ணினேன்.

கிளீவ்லேண்டில் ஒரு துணிக்கடை

அந்த முடிவும் நிலைக்கவில்லை. காரணம் ஸ்பைடர். தமிழில் வாசித்தபோது கதை எழுதியவர் பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. பெரியவனான பிறகுதான் தெரிந்தது, 1965-ல் இங்கிலாந்தில் லயன் என்ற வாரப் பத்திரிகையில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்து தொடங்கிய தொடர் அது என்று. தொடங்கிய கொஞ்ச நாளில் கதை எழுதும் வேலை அமெரிக்காவில் இருந்த ஒருவர் கைக்குப் போனது. அவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல். அவரும் ஷஸ்டரும் சேர்ந்து 1938-ல் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வழக்குப் போட்டுப் பெயரையும் இழந்தார்கள். 1975-ல்தான் அந்தப் பெயர் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிழைப்புக்காக அவர் கடல் தாண்டி எழுதி அனுப்பிய கதைகள்தான் சிவகாசியில் தமிழாகி, எங்கள் முக்குக் கடைப் பெஞ்சில் வந்து கிடந்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெஞ்சில் யாரோ தெரியாத ஒருவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

சீகலைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அவருடைய அப்பா மிட்செல் சீகல் லித்துவேனியாவிலிருந்து வந்த யூதர். கிளீவ்லேண்டில் துணிக்கடை வைத்திருந்தார். 1932 ஜூன் மாதம், ஒரு ராத்திரி, கடைக்குள் திருட வந்தவர்கள் இருக்கும்போதே நெஞ்சடைத்து விழுந்து செத்தார். ஜெர்ரிக்கு அப்போது பதினேழு வயது. அதற்குப் பின் வந்த வருடங்களில் அந்தப் பையன் தன் கூட்டாளியோடு சேர்ந்து, தோட்டா துளைக்காத ஒருவனை உருவாக்குகிறான். அப்பாவுக்காகத்தான் உருவாக்கினான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடத்தில் குடத்தின் அடி மாறுவது கேட்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை இங்கே அதிகம் பேர் பேசுவதில்லை. 1940-ல் சீகல், பெர்னார்ட் பெய்லி என்ற ஓவியரோடு சேர்ந்து ஸ்பெக்டர் என்று ஒருவனை உருவாக்கினார். ஜிம் காரிகன் என்ற போலீஸ்காரன். கல்யாணம் ஆகப் போகிறவன். ரௌடிகள் அவனைப் பீப்பாயில் போட்டு சிமெண்டை ஊற்றித் தண்ணீரில் தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். உயிர் மேலே போகிறது. அங்கே ஒரு குரல், உனக்கு இன்னும் இளைப்பாறுதல் இல்லை, பூமியில் குற்றம் ஒழிகிற வரைக்கும் திரும்பிப் போ என்கிறது. வெளிறிய முகமும் பச்சை அங்கியுமாகத் திரும்பி வருகிறான். கட்டிக்கொள்ளப் போனவளை விட்டு விலகுகிறான். செத்தவன் எப்படிக் கல்யாணம் செய்வான்? இவன் வெட்டுப்பட்ட சாமி. எங்கள் பக்கத்தில் பிறந்திருந்தால் பூடம் கட்டியிருப்பார்கள். ஆக ஒரே மனுசன் கையிலிருந்து இரண்டு வகையும் வந்திருக்கிறது. முதலில் வானத்திலிருந்து வரத்தோடு இறங்கியவன், இரண்டு வருடத்தில் கொலைப்பட்டுத் திரும்பியவன். முதல் ஆளை உலகமே கொண்டாடியது. இரண்டாம் ஆளை அவ்வளவு பேருக்குத் தெரியாது. அவனுக்குக் கொடை கொடுக்கத்தான் ஊர் இல்லை.

அளவு

கொடை முடிந்து ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். வயது எழுபத்தாறு. கடையை மூடிப் பல வருடமாகிவிட்டது. மிஷின் மட்டும் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. இப்போது கோமரத்தாடிக்குச் சல்லடம் நாடக உடுப்பு விற்கிற கடையிலிருந்து வருகிறது, மணி எல்லாம் பசையில் ஒட்டியது. போன கொடையில் ஆடும்போது நாலைந்து உதிர்ந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. ஃபிளெக்ஸைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாத்தேன். அந்தச் செவப்புத் துணிக்கு நாடா எங்கலே கட்டியிருக்கு? பின்கழுத்துல ஒரு முடிச்சக் காணோம். எப்படி நிக்கும்?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

திண்ணையில் மஞ்சள் பூப்போட்ட துணி ஒன்றை விரித்து வைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கன்னிக்கு. எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளையைக் கன்னியாகக் கும்பிடுவது எல்லாருக்கும் தெரியும். வீட்டின் கிழக்கு அறையில் ஓலைப்பெட்டி, அதற்குள் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன், பொட்டு. வருடத்துக்கு ஒரு தடவை பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். எங்கள் பெட்டியில் இருப்பது என் அத்தை. சித்தப்பாவின் தங்கை. ஒன்பது வயதில் மஞ்சக்காமாலையில் போனவள். அப்போது அவருக்குப் பதினான்கு. டவுனில் ஒரு கடையில் காஜா எடுக்கிற பையனாக இருந்தார். ஆச்சி உயிரோடு இருந்தபோது ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்: அந்த வருடம் பெட்டிக்குள் வைத்த பாவாடைதான் அவர் முதன்முதலாகத் தனியாக உட்கார்ந்து தைத்த துணி. அதைக் கேட்டபோது எனக்குப் பதினைந்து வயது இருக்கும். கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

இப்போது அவருக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன். ஓரம் மடிக்கத் துணியைப் பிடித்துக்கொண்டேன். கத்தரிக்கோலை எடுத்து, சாக்பீஸ் கோடு கூடப் போடாமல், சரசரவென்று வெட்டினார். அளவு டேப் பக்கத்திலேயே சுருட்டிக் கிடந்தது. தொடவில்லை. மிச்சத் துணி நிறைய இருந்தது.

"அளவு பாக்க வேண்டாமா சித்தப்பா?" என்றேன்.

"இருபத்திரண்டு இஞ்சு" என்றார். "இடுப்பு இருபது. நாடா வச்சு. அவ வளரலலே."

மிஷினில் உட்கார்ந்து காலை மிதியில் வைத்தார். சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன்.